பின் சீட்டின் எடை

ஸ்பிரிங் தெறித்தால் நேராக மேலேதான் போகும் என்று மெக்கானிக் சாதிக் சொன்னபோது நான் கூரையைப் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. தகரத்தில் ஓரிடம் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கிறது, உள்ளேயிருந்து ஒருவன் ஆத்திரத்தில் குத்து விட்ட மாதிரி. "போன வருசம் ஒரு ஸ்பிரிங் பண்ணுன வேலைங்க்கா அது. அந்நேரம் பார்த்து நான் ஸ்பேனர் எடுக்கத் திரும்பிட்டேன். இல்லைன்னா இந்தச் சுவத்துல இன்னைக்கு என் போட்டோ தொங்கும்" என்று சொல்லிவிட்டு சாதிக் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் வலது விலாவில் குத்துகிறது. அவர், அதாவது என் வீட்டுக்காரர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார். அவருக்கு எதுவுமே ஒன்றும் ஆகாது. கணபதியில் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்த ஒர்க்‌ஷாப்பில், சனிக்கிழமை காலை வெயிலில், எங்கள் வெள்ளைக் கார் முன்பக்கத்துச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜாக்கியின் மேல் நிற்கிறது. நான் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் எலுமிச்சம்பழப் பையோடு. வேலை முடிந்து வண்டி தரைக்கு வந்ததும் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்குவதற்காக மாமியார் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த பழங்கள். ஃபிரிட்ஜில் இருந்தவை, இன்னும் ஜில்லென்று இருக்கின்றன. ஒன்றை எடுத்துச் சேலைக்குள் விட்டு விலாவின் மேல் வைத்து அழுத்திக்கொண்டேன். கொஞ்சம் தேவலாம்.

வண்டியைத் தாழ்த்த வேண்டும், அவருக்கு இப்போது உலகத்தில் வேறு வேலை இல்லை. ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் பொழுதுக்கும் படங்கள், வயிறு தரையில் உரசுகிற கார்கள், அவற்றின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஆம்பளைகள். சாப்பிடும்போது பார்ப்பார், மகள் சஷ்டிகா வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது பார்ப்பார், பார்த்துவிட்டு "நம்ம வண்டி நிக்கறதப் பாரு, வேட்டிய மடிச்சுக் கட்டுனவனாட்ட" என்பார். எங்கள் வண்டி அப்படி நிற்பதற்குக் காரணம் என் அப்பா. கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்தது. ஷோரூமில் அப்பா எந்த வண்டியின் முன்கதவையும் திறக்கவில்லை. ஒவ்வொன்றின் பின்கதவையும் திறந்து, ஏறி உட்கார்ந்து, குதித்துப் பார்த்து, இறங்கினார். சேல்ஸ்காரப் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். "பொறகால உக்காந்து போறவங்களுக்கு அலுங்காம இருக்கோணும் கண்ணு. நாளைக்கு மாசமா இருக்கைல இதுலதான போகோணும்" என்றார். முன் சீட்டு எனக்கு இல்லை என்று அந்த மனுஷனுக்கு அன்றைக்கே எப்படித் தெரிந்தது. முன் சீட்டு மாமியாருடையது, அவருடைய இடுப்புக்கான குஷன் அங்கேயே கிடக்கும். இன்று மாமியார் சோமனூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார், முன் சீட்டில் குஷன் மட்டும் உட்கார்ந்து வந்தது, நான் பின்னால்தான் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை தானாகப் பின்கதவுக்குப் போனது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா பார்த்துப் பார்த்து வாங்கின உயரத்தை இன்றைக்கு வெட்டப் போகிறார்கள்.

சாதிக் மேஜையில் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டான். சிவப்புப் பெயிண்ட் அடித்த குட்டை ஸ்பிரிங் ஒரு ஜோடி, உள்ளூரில் செய்தது. எவனோ ஆசைப்பட்டு மாட்டி அலுத்துக் கழற்றிப் போட்ட பழைய செட் ஒன்று, அதைத் திருகினால் ஏறுமாம் இறங்குமாம். இரண்டும் கட்டுப்படியாகாது என்றால் வண்டியிலேயே இருக்கிற ஸ்பிரிங்கைக் கழற்றி, கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டி, திரும்ப மாட்டிவிடலாம். அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எடை பார்க்கிற மாதிரி தூக்கித் தூக்கிப் பார்த்தார். கத்தி வாங்கப் போனால் அப்படித்தான் பார்ப்பார்கள். "எதப் போட்டாலும் எறக்க எறக்கக் கட்டியாத்தானுங்ணா போகும்" என்றான் சாதிக். "குழியில விட்டா அப்படியே முதுகுல வாங்கும். முன்னாடி அவ்வளவு தெரியாது, பின்னாடிதான். வழக்கமா பின்னாடி யாருங்ணா உக்காருவாங்க? அந்த வெயிட்டுக்குத் தகுந்த மாதிரி பார்த்துப் போட்டுக்கலாம்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்னாடியா? லக்கேஜ்தான்" என்றார். சாதிக்குக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை, குனிந்து ஸ்பிரிங்கைத் துடைத்தான். லக்கேஜ் எலுமிச்சம்பழத்தை விலாவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. லக்கேஜுக்குக் காது கேட்கும், சாதிக். லக்கேஜுக்கு இந்த ஊரின் எல்லாக் குழியும் தெரியும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மண்ணை மட்டும் தள்ளி மூடின குழி, ரயில்வே கேட்டுக்கு முன்னால் உள்ள குழி, இந்தச் சந்து முனையில் யாரோ மிச்சமான கான்கிரீட்டைக் கொட்டிக் கட்டின ஸ்பீடு பிரேக்கர், எல்லாம் முதுகால் தெரியும். காலையில் அந்த ஸ்பீடு பிரேக்கரை அவர் மூன்றாவது கியரில் ஏற்றினார். தலை கூரையில் இடித்தது. விலாவுக்குள் யாரோ துணி கிழிக்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன், ஏதோ கடையைப் பார்க்கிறவள் மாதிரி.

அடிப்பதற்குக் கைதான் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாது. "எங்க வம்சத்துல பொம்பளைங்க மேல கை நீட்டற பழக்கமே கெடையாது" என்று மாமியார் போகிற இடமெல்லாம் சொல்வார். அந்தப் பெருமைக்குப் பங்கம் வரக்கூடாது. அதனால் கதவைச் சாத்தினால் கை, மாமியார் இருந்தால் கார். முதலில் கேள்வி வரும். யார்கூடப் போனில் பேசிக்கொண்டிருந்தாய், ஏன் அந்த வீட்டு வாசலில் நின்றாய். பதில் பிடிக்கவில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். எட்டிப் பார்த்து அம்மாவின் சீட் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்று சரிபார்ப்பார். அதைப் பார்த்ததும் என் கை தானாகக் கதவுக்கு மேலே இருக்கும் பிடியைத் தேடும். அப்புறம் பிரேக். முன் சீட்டின் முதுகில் என் மூக்கு. அல்லது ஒரு குழி, வேண்டுமென்றே, நேராகப் பார்த்து. பின் சீட்டிலும் பெல்ட் உண்டு, ஆனால் சீட் கவர் தைத்தவன் அதை அடியில் போட்டுத் தைத்துவிட்டான், பத்திரமாக இருக்கட்டும் என்று. "என்ன சாமி இப்பிடி ஓட்டற" என்று மாமியார் கேட்பார். "ரோடு அப்படிம்மா" என்பார். சஷ்டிகாவுக்கு ஆறு வயதுகூட முடியவில்லை, அவளுக்கு ரோட்டைப் படிக்கத் தெரியும். "அம்மா, குழி வருது, புடிச்சுக்கோ" என்று காதில் சொல்வாள். சில நாள் வண்டியில் ஏறும்போதே, "இன்னைக்கு ரோடு கோவமா இருக்குதாம்மா?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்வேன். அவள் தன் சின்னத் தலையணையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் செருகுவாள், நம்பவில்லை என்று அர்த்தம். அந்த ரோட்டுக்கும் எங்கள் முதுகுக்கும் நடுவில் இருக்கிறது இந்த ஸ்பிரிங். அப்பா கொடுத்த ஸ்பிரிங் இத்தனை வருஷம் அவருடைய கையைப் பாதியாவது தடுத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் எடுத்துவிடப் போகிறார். காரைத் தாழ்த்துகிறாராம். கையை நீளமாக்குகிறார், அவ்வளவுதான்.

விலா மட்டும் கார் செய்த வேலை இல்லை, அது கால். வடகம் பிழிந்த எவர்சில்வர் தட்டை வெயில் நன்றாக விழுகிறது என்று வண்டியின் பானெட்டின் மேல் வைத்தேன், எடுக்கும்போது இழுத்துவிட்டேன், ஒரு கீறல். தலைமுடி கனம் இருக்கும். விரலால் தடவித் தடவிப் பார்த்தார், சமையலறைக்கு வந்தார், கதவைச் சாத்தினார். கீழே விழுந்த பிறகு உதைத்தார். உள்ளே ஏதோ மளுக்கென்றது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம், அது எனக்குள்ளிருந்து வந்தது என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று நான் சொன்னதை எழுதிக்கொண்டே, "போன தடவையும் பாத்ரூம்தானே சொன்னீங்க. அந்த பாத்ரூம் பேர் என்ன?" என்று கேட்டார். எனக்குப் பேர் சொல்லிப் பழக்கமில்லை. பதிவு மேஜையில் கணவர் பெயர் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவேன். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணமான வாரமே மாமியார் சொல்லிவிட்டார். படித்தவள்தான் நான், எம்.எஸ்சி. தாவரவியல், அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் விலா உடைந்த அன்று ராத்திரி பாத்ரூமில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, வாளி நிறைந்து வழிந்து ஓட ஓட, பூபதி பூபதி பூபதி என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் ஒரு நாள், ஒரு நாள் குறையட்டும் என்று. பேர் பூபதி. சொல்லச் சொல்ல வாய்க்குள் அது வெறும் சத்தமாகிவிட்டது. காலையில் எழுந்து பல் தேய்த்துக்கொண்டு இட்லி ஆச்சா என்று கேட்டார். ஒரு நாள்கூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

கொல்ல வேண்டும் என்று நினைப்பது பெரிய விஷயம் என்று முன்பெல்லாம் நினைத்திருந்தேன். இப்போது அது சாம்பாருக்குப் புளி கரைக்கிற மாதிரி கை பாட்டுக்குச் செய்கிற வேலை. காலையில் அவர் ஷேவ் செய்யும்போது, மாடியில் தொட்டியை எட்டிப் பார்க்கும்போது, இப்போது இங்கே. அவர் குனிந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். ஜாக்கியின் பிடி எனக்கு ரெண்டு எட்டுத் தள்ளி இருக்கிறது. ஒரு உதை போதும். வண்டி மொத்தமும் அந்தக் கழுத்தின் மேல், அப்பா வாங்கிக் கொடுத்த வண்டி, முழு எடையோடு. எந்தச் சத்தம் வரும், முருங்கைக்காய் சத்தமா, அதைவிடக் கனமான சத்தமா. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். ஒவ்வொரு முறையும் இப்படித்தான், நான் கொன்று முடிப்பதற்குள் அவர் எழுந்துவிடுவார். அக்காவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். ஒண்டிப்புதூரில் மில்லுக்குப் பக்கத்தில் ஒரே அறை வீட்டில் இருக்கிறாள், டெய்லர், புருஷன் விட்டுவிட்டுப் போனவள். சிரிக்கவில்லை, பதறவும் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "கொல்றதுக்குத் தைரியம் வேண்டாம்டி. வர்றதுக்குத்தான் வேணும். வந்தா வா. ஆனா சொல்லிட்டு வராத. சொன்னீன்னா வரமாட்ட" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை போனில் சொல்லியிருக்கிறேன், அக்கா அடுத்த வாரம் வந்திர்றேன் என்று. அவள் சொன்னதுபோலவே நான் போகவில்லை. போன வாரம்கூட, சஷ்டிகாவுக்கு அரைப் பரீட்சை முடியட்டும் என்றேன். அக்கா மெஷினை மிதித்தாள், போனில் அந்தச் சத்தம் கேட்டது. சஷ்டிகா இப்போது அடுத்த தெருவில் டான்ஸ் கிளாஸில் இருப்பாள், தட்டடவு. காலைத் தட்டத் தெரிகிறது அவளுக்கு, வீட்டில் பூனை மாதிரி நடக்கிறாள். வேலை முடிந்ததும் அவளை ஏற்றிக்கொண்டு, புது ஸ்பிரிங்கில், அந்த ஸ்பீடு பிரேக்கர் மேல் போக வேண்டும்.

சாதிக் சக்கரம் கழன்ற இடத்துக்குள்ளிருந்து ஷாக் அப்சார்பரை முழுசாகக் கழற்றிக் கொண்டுவந்து மேஜையில் இருந்த வைஸில், அந்த இரும்புப் பிடியில், நிறுத்திவைத்து இறுக்கினான். அதைச் சுற்றி ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் கொக்கி போட்ட கிளாம்ப், ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றித் திருகத் திருக ஸ்பிரிங் ஒடுங்கியது. கோபத்தை அடக்கி அடக்கி வைப்பது கண்ணுக்குத் தெரிந்தால் இப்படித்தான் இருக்கும் என்று பட்டது. அப்புறம் மேலே இருந்த நட்டையும் கழற்றிவிட்டான். "இப்ப இதப் புடிச்சிருக்கறது இந்த ரெண்டு கொக்கி மட்டுந்தானுங்ணா. இனி மெதுவா, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி லூஸ் பண்ணோணும். நேரா மேல குனியாதீங்ணா, சைடுல நில்லுங்க" என்றான். அவன் போன் அடித்தது. வாசல் பக்கம் போய் எவரிடமோ ஏதோ ஒரு பார்ட்ஸ் வந்துவிட்டதா என்று பேச ஆரம்பித்தான். அவர் ஸ்பேனரை எடுத்தார். ஒரு கையில் செல்போன், வீடியோ ஓடுகிறது, குரூப்புக்கு, "பார்த்துக்கங்க, நம்மளே எறங்கி வேல பாக்கறோம்" என்று அதனிடம் சொன்னார். இன்னொரு கையால் தன் பக்கத்துக் கிளாம்ப்பை மட்டும் லூஸ் செய்தார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மறுபக்கத்தைத் தொடவே இல்லை. படம் தெளிவாக வர வேண்டும் என்று குனிந்தார், முகம் சரியாக ஸ்பிரிங்குக்கு மேலே. அவருடைய பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கத்துக் கொக்கி தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரியும். அது நகர்ந்தது.

முதலில் என் கண்தான் அலைகிறது என்று நினைத்தேன். இல்லை. கொக்கி ஸ்பிரிங்கின் வளைவில் கொஞ்சம் வழுக்கி நின்றது. அவர் திருகினார், இன்னும் கொஞ்சம். ஸ்பிரிங் ஒரு பக்கமாகத் தொந்தி தள்ளியது. கிர் என்று ஒரு சின்னச் சத்தம், மூலையில் ரேடியோ ஓடியதால் அவருக்குக் கேட்கவில்லை. எனக்கு மூச்சு நின்றுவிட்டது, பயத்தில் இல்லை. இதோ. நான் ஒன்றும் செய்யவில்லை, ஜாக்கியை உதைக்கவில்லை, வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எலுமிச்சம்பழத்தோடு. சும்மா இருந்தால் போதும். சும்மா இருக்க எனக்குச் சொல்லித் தரவே வேண்டாம், அதில் இந்த ஊரிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. தகரத்தில் இருந்த பழைய பிதுக்கலைப் பார்த்தேன், அதற்கும் கொக்கிக்கும் நடுவில் அவருடைய தாடை, காலையில் ஷேவ் செய்த தாடை, ஓரத்தில் ஒரு வெட்டு. அது எப்படிச் சிதறும் என்று பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன், பல், ரத்தம், வெள்ளைக் காரின் மேல் தெறித்து வழிவது. பார்க்க நன்றாக இருந்தது. அதற்குப் பிறகும் படம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது, அதுதான் தப்பாகப் போய்விட்டது. மாமியார் மண்ணை வாரித் தூற்றுகிறார். ஊர் வருகிறது. எவ்வளவு நல்ல பையன், கை நீட்டினதே இல்லை, வண்டின்னா உசுரு. கூடத்தில் போட்டோ, மாலை, சின்ன பல்பு. நான் அதற்குக் கீழே உட்கார்ந்து அழ வேண்டும், சஷ்டிகாவிடம் அப்பா சாமிகிட்டப் போய்ட்டார் என்று சொல்ல வேண்டும். ரோடுதான் கோபமாக இருந்தது, அப்பா இல்லை என்று அவள் சாகிறவரைக்கும் நம்புவாள். செத்துப் போனால் இவர் நல்லவராகிவிடுவார். ஒரு நொடியில், ஒரு கொக்கியில், எல்லாம் கழுவிவிடப்படும். விடமாட்டேன். ஏனுங்க என்று கூப்பிடலாம், ஆனால் ஏனுங்க என்றால் இவர் திரும்பினதே இல்லை, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட இல்லை. கொக்கி வளைவின் நுனிக்கு வந்துவிட்டது. என் வாய் திறந்தது. "பூபதி" என்றேன். கத்தவில்லை, வாத்தியார் வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிடுகிற மாதிரி. "பூபதி, இங்க பாரு."

அவன் திரும்பினான். தலையை வெடுக்கென்று திருப்பி, உடம்போடு என் பக்கம் வந்தான். வேறு எதற்கும் அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்க மாட்டான். பின்னால் அது தெறித்தது. சத்தம் காதில் விழுந்தது என்று சொல்ல முடியாது, நெஞ்சில்தான் விழுந்தது. அவன் கையிலிருந்த போன் எங்கேயோ போனது, தகரம் அலறியது, கிளாம்ப் ஒன்று அவன் கன்னத்தை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது, ஸ்பிரிங் கூரையிலிருந்து திரும்பி எங்கள் வண்டியின் பானெட்டில் விழுந்து, அதில் ஒரு குழியைப் போட்டுவிட்டு, உருண்டு வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. நல்ல ஆழமான குழி. வடகத் தட்டு வைக்கலாம். வாசலிலிருந்து சாதிக் ஓடிவந்தான். கூரையைப் பார்த்தான், பழைய பிதுக்கலுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று. பூபதியின் முகத்தைப் பார்த்தான். "அல்லா... அண்ணா, அக்கா கூப்படலைன்னா இந்நேரம் தலையே இருந்திருக்காதுங்ணா" என்றான். பூபதி கன்னத்தைத் தொட்டு விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். பானெட்டைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினான், அவனுடைய மோசமான குரல் அதுதான். "பேரச் சொல்ற. ஒரு மெக்கானிக் முன்னாடி, வா போன்னு, பேரச் சொல்லிக் கூப்படற." அவ்வளவுதான். உயிர் பிழைத்தது அவனுக்குத் தெரியவில்லை, பேர் மட்டும்தான் கேட்டிருக்கிறது. இவ்வளவு நாள் இவனைக் கொன்று கொன்று பார்த்தேன், கடைசியில் இவனைக் காப்பாற்றியும் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் இனிமேல் செய்வதற்கு இவனோடு எனக்கு வேறு எதுவும் மிச்சம் இல்லை.

கை ஓங்குவான் என்று நினைத்தேன். ஓங்கவில்லை. நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சிரித்த முகத்தோடு சாதிக்கிடம் போனான். காலையிலிருந்து எதைப் போடுவது என்று தவித்துக்கொண்டிருந்தவன் ஒரு வினாடியில் முடிவுக்கு வந்துவிட்டான். "சிவப்பும் வேண்டாம், பழசும் வேண்டாம். இருக்கறதையே வெட்டு. ரெண்டு சுத்து வெட்டு. நாலு பக்கமும்." சொல்லும்போது என்னைத்தான் பார்த்தான். சாதிக் தலையைச் சொறிந்தான். "ரெண்டு சுத்தா? கல்லாட்ட ஆயிருமுங்ணா. சின்னக் கல்லு மேல ஏறுனாக்கூட பின்னாடி இருக்கறவங்களுக்கு எலும்பு எண்ணலாம். வேண்டாங்ணா." "வெட்டுடா, நான் சொல்றேன்ல" என்றான் பூபதி. சாதிக் என் பக்கம் திரும்பினான். பாவம், அவனுக்கு வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. பின்னாடி யாரு உக்காருவாங்க?"

காலையில் கேட்ட அதே கேள்வி. எவ்வளவு சாதாரணமான கேள்வி, ஏழு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் கேட்காதது. நான் எழுந்தேன், விலா பிடித்து இழுத்தது. "பின்னாடி யாரும் இல்லீங்க" என்றேன். "காலி வண்டிதான். எவ்வளவு வேணும்னாலும் வெட்டிப் போடுங்க." எலுமிச்சம்பழப் பையை நாற்காலியில் வைத்தேன். விலாவில் வைத்திருந்த பழத்தையும் எடுத்து அதில் சேர்த்தேன், அது என் சூட்டுக்கு வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். நான் கோபித்துக்கொண்டு வாசலில் போய் நிற்கப் போகிறேன் என்று நினைத்திருப்பான், சிரித்தான். வாசலைத் தாண்டியதும் சிரிப்பு நின்றது. "வாணி" என்றான். பிறகு, "ஏய், வாணி." பேர் சொல்லித்தான் கூப்பிட்டான். முதுகெல்லாம் கூசியது, இப்போது ஓடிவந்து முடியைப் பிடித்து இழுப்பான் என்று ஒவ்வொரு அடியிலும் தோன்றியது. வரவில்லை. நடுரோட்டில் பெண்டாட்டி பின்னால் ஓடினால் அவனுடைய கெத்து என்னாவது, அவன் என்னைப் பிடிக்கிறதெல்லாம் வண்டியில்தான், வண்டி மூன்று காலில் நிற்கிறது. இப்போதே அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும்போல் கை பரபரத்தது. செய்யவில்லை, சொன்னால் போக மாட்டேன். அடுத்த தெருவிலிருந்து டீச்சர் தாளம் போடுகிற தட்டுக்கழியின் சத்தமும், அதோடு குழந்தைகள் காலைத் தட்டுகிற சத்தமும் கேட்டது. அதில் ஒரு கால் சஷ்டிகாவுடையது, நன்றாக ஓங்கித் தட்டிக்கொண்டிருக்கிறாள். சந்து முனை வந்தது. அந்த ஸ்பீடு பிரேக்கர். பழக்கத்தில் என் கை மேலே போய்ப் பிடியைத் தேடியது, அங்கே பிடி இல்லை, வெறும் வெயில்தான். ஒரு கால் எடுத்து வைத்து ஏறி, மறு கால் வைத்து இறங்கினேன். நடந்து போனால் அது ஒரு படி உயரம்கூட இல்லை.